மாசிக்காயும் பால் கொடுக்கும் காலத்து வறட்சியும்

பிரசவத் தையல் ஆறிய பிறகும் பெண்ணுறுப்பில் எரிச்சல் போகவில்லை என்று வருந்தும் சகோதரிகளுக்காக, பினாங்கில் என் தலைப்பிரசவத்துக்குப் பின் நடந்ததை எழுதுகிறேன்.

பிரசவத் தீட்டு சிவப்பிலிருந்து பழுப்பாகி, வெளுத்து, ஆறு வாரத்துக்குள் நின்றுவிட்டது. குழந்தை கவிழத் தொடங்கிய சமயத்தில்தான் சிறுநீர் கழிக்கும்போது சுரீரென்ற எரிச்சலும், கணவருடன் சேரும்போது தோல் கிழிவது போன்ற வலியும் வந்தன. அத்தை, "உள்ளே இன்னும் இறுகலம்மா, மாசிக்காய் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி, லிட்டில் இந்தியாவில் வாங்கிய, ஓக் மரத்தில் பூச்சி உண்டாக்கும் முண்டும் முடிச்சுமான அந்தக் காய்களை உரலில் இடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவும் மஞ்சாக்கானி என்று அதையேதான் சிபாரிசு செய்தார்.

குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிச் சென்ற அன்று சுகாதாரக் கிளினிக் மிஸ்ஸியிடம் (செவிலியரிடம்) கேட்டேன். அவர் அனுப்பிவைத்த பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, தையல் நன்றாகவே ஆறியிருக்கிறது, ஆனால் தோல் வெளிறி மெலிந்திருக்கிறது என்றார். தாய்ப்பால் கொடுக்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவதைப் போன்ற வறட்சி இளம் தாய்க்கும் வரும். அவ்விடத்தைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அப்போது குறையக்கூடும். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தான டானின், இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி எரிச்சலைக் கூட்டலாம். நாம் இறுக்கம் என்று நினைப்பது பெரும்பாலும் அந்த வறட்சியைத்தான். தசை இறுக வேண்டுமென்றால், சிறுநீரை அடக்குவதைப் போல இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி, சில நொடி நிறுத்தித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும்.

வெற்றிலைச் சாறு கலந்த கழுவும் திரவங்களும் வேண்டாம், வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும் என்றார். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பிலேயே எனக்கு வலி தணிந்தது. தணியாதவர்களுக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பை மருத்துவர் எழுதிக் கொடுப்பதுண்டு. இதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல், துர்நாற்றம், மீண்டும் அதிக உதிரப்போக்கு என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆணுறை பயன்படுத்தும் வீட்டில் அது கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்துவிடும். அப்படி நைந்தால், மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருத்தரிக்கவும் கூடும்.