பேட்டை வீட்டுக் குழு

தம்பி: அடுத்த மாதம் லடாக் போகிறேன். காட்பாடியிலிருந்து டெல்லிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. கார்கில் போர் நடந்த ரெசாங் லா கணவாயையும் பார்த்துவிட்டு வருவேன்!

தாத்தா: இரண்டு போரை ஒன்றாக உருட்டிவிட்டாய். கார்கில் 1999, பாகிஸ்தானோடு. ரெசாங் லா 1962 நவம்பர் 18, சீனாவோடு. மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் இருந்த குமாவுன் படைப்பிரிவுக் கம்பெனியில் நூறு பேருக்கு மேல் அங்கேயே விழுந்தார்கள். உறைந்து கிடந்த உடல்களைப் பிப்ரவரியில்தான் கண்டார்கள்.

மாமா: ஜெய்ஹிந்த் 🇮🇳

அத்தை: புல்கூட முளைக்காத மலைக்கா இவ்வளவு சண்டை?

தாத்தா: லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் மேட்டைப் பற்றி நேருவே நாடாளுமன்றத்தில் அப்படித்தான் சொன்னார். புல் முளைக்காத இடத்தில் ரோடு முளைத்துவிட்டதம்மா. சிங்கியாங்கிலிருந்து திபெத்துக்கு 1957-இல் சீனா போட்டு முடித்தது. கிழக்கே இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே எல்லையாக மக்மகான் கோடு, 1914-இல் சிம்லாவில் கிழித்தது. அதையும் சீனா ஏற்கவில்லை.

மாமா: ஜெய்ஹிந்த் 🇮🇳

நான்: மாமா, அதே படம் வேண்டாம். தாத்தா, பெரிய தாத்தா அங்கேதானே இருந்தார்?

தாத்தா: அண்ணன் இருந்தது கிழக்கே, அந்தக் கோட்டருகே நாம்கா சூ ஆற்றங்கரையில். சிக்னல் பிரிவு, செய்தித் தொடர்பு வேலை. அக்டோபர் 20 விடியற்காலையில் குண்டு விழ ஆரம்பித்தது. மேலே பருத்தி உடுப்பு, காலில் கான்வாஸ் ஷூ. பூடான் வழியாக நடந்தே திரும்பினார். இடது காலில் இரண்டு விரல் பனியில் போயிற்று.

அத்தை: கரும்பு வெட்டும்போது கத்தி பட்டது என்றல்லவா எங்களிடம் சொன்னார்!

தாத்தா: பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லுவார். எனக்கு ஒன்றுதான் இன்றுவரை ஆறவில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் பதனிடுகிற ஊர்கள். இந்த ஜில்லாவில் பிறந்தவன் கான்வாஸோடு பனியில் நின்றான்.

நான்: அப்புறமும் நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்தீர்களே?

தாத்தா: நவம்பர் 21-இல் சீனாக்காரன் தானாகவே நிறுத்தினான். மறு வருடம் ஆள் எடுத்தார்கள், நம் பேட்டையில் வீட்டுக்கு ஒருவன் கிளம்பினான். எனக்கு உடுப்பு கொடுத்த அன்று முதலில் பூட்ஸைத்தான் புரட்டிப் பார்த்தேன்.

அத்தை: ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்கள்: தபால் வரவில்லை என்று பெரிய ஆயா அந்தத் தையில் பொங்கலே வைக்கவில்லையாம். மாசியில்தான் மனிதர் வந்து சேர்ந்தாராம், கைத்தடியோடு.

மாமா: 🙏

தம்பி: தாத்தா, கம்பளிக் காலுறை எத்தனை ஜோடி எடுத்துக்கொள்ளட்டும்?

தாத்தா: நான்கு. நனைந்ததைக் காலிலேயே காயவிடாதே, உடனே கழற்று.