ஆண் குழந்தைக்கு ஸ்கேண்டினேவியப் பெயர்: தெரிந்தவர்கள் பகிரவும்

பெயர்ப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பொருள் மட்டும் இருக்கும். அந்தப் பெயர் எந்த நாட்டில் புழங்குகிறது, எப்படி உச்சரிக்கிறார்கள், பதிவு செய்யும்போது எங்கே இடிக்கும் என்பதெல்லாம் இருக்காது. அந்த நாடுகளின் நடைமுறை பார்த்துப் பழகியவர்கள் எழுதுங்கள். குடும்பக் கதை வேண்டாம், அடுத்தவருக்குக் கைகொடுக்கும் விவரம் போதும்.

ஓஸ்லோவிலிருந்து

பெயர் தேடமுதல் நாட்டை முடிவு செய்யுங்கோ. ஒரே வேரில் வந்த பெயர்கூட நோர்வேயில் ஒரு மாதிரி, சுவீடனில் ஒரு மாதிரி, டென்மார்க்கில் இன்னொரு மாதிரி. நோர்வேயின் 'ஊலாவ்' சுவீடனில் 'ஊலோஃப்'. நோர்வேயில் 'ஐரிக்' என்றும் 'ஏரிக்' என்றும் இரண்டும் புழக்கத்தில் இருக்கு, மற்ற இரண்டு நாட்டிலும் 'ஏரிக்'தான் வழக்கம். எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் ஒலி மாறும். மாக்னுஸ் என்ற பெயரை எடுங்கோ. நோர்வேயிலும் சுவீடனிலும் நடுவில் ஒரு 'ங்' வந்து 'மங்னுஸ்' ஆகும். டேனிஷ்காரர் 'மௌனுஸ்' என்பார்கள். ஆங்கிலம் வழியாகக் கேட்டுப் பிடித்துப்போய் வைத்துவிட்டு, பாலர் பாடசாலையில் வேறு மாதிரிக் கூப்பிடக் கேட்டுத் திகைக்கிற பெற்றோர் நிறைய.

அடுத்தது தமிழருக்கு வாய்ப்பான விசயம். கிழக்கு நோர்வேயிலும் சுவீடனின் பெரும்பகுதியிலும் 'ர்' ஒலிக்குப் பின்னால் வரும் ன், ல், ஸ் ஆகிய ஒலிகள் நாவை மடித்துச் சொல்லும் ண், ள், ஷ் ஆகிவிடும். 'ப்யோர்ன்' என்று எழுதியது வாயில் 'ப்யோண்' ஆகும். 'லார்ஸ்' என்பது 'லாஷ்'. நோர்வேயில் 'அந்தெர்ஸ்' என்பதில் நடு எழுத்து விழுந்து 'அன்னெஷ்'. இந்த ண், ள் ஆங்கிலேயருக்கு வராது, எங்கட அம்மம்மாவுக்கு முதல் தரத்திலேயே வரும். ஆனால் மேற்கு நோர்வேயின் பேர்கன், ஸ்தவாங்கர் பக்கம் 'ர்' தொண்டையில் இருந்து வாறதால் இந்த மாற்றம் இல்லை. தெற்குச் சுவீடனின் ஸ்கோனெயிலும் அப்படித்தான். குடியிருக்கப்போகும் ஊரின் பேச்சில் பெயரைக் கேட்டுப் பாருங்கோ. அயலில் யாரையாவது மூன்று தரம் சத்தமாகச் சொல்லச் சொன்னால் போதும்.

பதிவுக்கு வருவம். நோர்வேயில் பிறந்து 6 மாதத்துக்குள் மக்கள் பதிவேட்டுக்குப் பெயரை அறிவிக்கவேணும். அதை நடத்துவது வரித்துறை. பெற்றோர் பொறுப்பு இரண்டு பேருக்கும் இருந்தால் இரண்டு பேரும் சம்மதிக்கவேணும். குடும்பப் பெயர் அறிவிக்காமல் விட்டால் தாயின் குடும்பப் பெயர் தானாக ஏறிவிடும்.

படிவத்தில் மூன்று இடம்: முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர். இதில் வெளிநாட்டவர் கனபேர் வழுக்கி விழுகிற இடம் நடுப்பெயர். நோர்வே முறையில் அது இரண்டாவது முதற்பெயருக்கான இடம் இல்லை, குடும்பப் பெயர் வகைக்கானது. செஸ் வீரர் மாக்னுஸ் கார்ல்சனின் முழுப்பெயரைப் பாருங்கோ: ஸ்வென் மாக்னுஸ் ஓயென் கார்ல்சன். ஸ்வென், மாக்னுஸ் இரண்டும் முதற்பெயர்கள். ஓயென் தாயின் குடும்பப் பெயர், அது நடு இடத்தில். கார்ல்சன் தகப்பனுடையது. கூப்பிடுவது இரண்டாவது முதற்பெயரால். காற்பந்து வீரர் ஏர்லிங் ப்ரவுத் ஹோலான் பெயரும் இதே அமைப்பு: ப்ரவுத் தாய்வழி. ஆகவே பிள்ளைக்கு 'லார்ஸ் மாக்னுஸ்' என்று வைக்க விரும்பினால் இரண்டையும் முதற்பெயர் இடத்திலேயே எழுதுங்கோ.

இன்னும் இரண்டு தடை. குடும்பப் பெயராக மட்டும் பதிவில் இருக்கிற சொல்லை, முதற்பெயர் மரபு எங்கும் இல்லாவிட்டால், முதற்பெயராக வைக்க விடமாட்டார்கள். 2002 இலங்கை யுத்தநிறுத்தக் காலத்தில் இருந்து எங்களுக்குப் பழகின பெயர், நோர்வேத் தூதர் ஏரிக் சொல்ஹைம். அதில் ஏரிக்கை வைக்கலாம், சொல்ஹைமை முதற்பெயராக வைக்கேலாது. அதேபோல் 200 பேர் அல்லது அதற்குக் குறைவானோர் கொண்டிருக்கும் குடும்பப் பெயர் பாதுகாக்கப்பட்டது. அதை எடுக்க அவர்கள் எல்லாருடைய சம்மதமும் வேணும்.

ஸ்டாக்ஹோமிலிருந்து

சுவீடனில் கெடு இன்னும் குறைவு: 3 மாதம். ஓஸ்லோ அண்ணா சொன்ன 6 மாதத்தை நம்பி இங்கே இருந்துவிடாதீர்கள். பிறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும். வரித்துறையிலிருந்து பெயர் அறிவிப்புக் கடிதம் வரும், இணையத்திலும் செய்யலாம். பராமரிப்புப் பொறுப்பு இருவருக்கும் என்றால் இருவரின் ஒப்புதலும் தேவை.

இங்கே இப்போது நடப்பில் இருப்பது 2017 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பெயர்ச் சட்டம். புண்படுத்தும் பெயர், தாங்குபவருக்குச் சங்கடம் தரும் பெயர், முதற்பெயராகப் பொருந்தாத பெயர் ஆகியவை மறுக்கப்படும். பழைய சட்டத்தின் காலத்தில், 1996-இல், 43 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு கோவையைப் பெயராக வைக்கக் கேட்ட பெற்றோருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பெயர் வைக்காமல் இழுத்ததற்காக 5,000 குரோனா அபராதம்தான் கிடைத்தது. சாதாரணப் பெயர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

பல முதற்பெயர்கள் வைத்தால் எதை அழைக்கும் பெயராகப் பயன்படுத்துவது என்று பதிவேட்டில் குறிக்கலாம். அதைத் தயவுசெய்து குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் மருத்துவமனைக் கடிதம் ஒரு பெயரிலும் பள்ளிக் கடிதம் வேறு பெயரிலும் வரும்.

செல்லப்பெயரையும் சேர்த்தே யோசியுங்கள், ஏனென்றால் நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். லார்ஸ் லஸ்ஸெ ஆவான், கார்ல் கல்லெ, நீல்ஸ் நிஸ்ஸெ, பேர் பெல்லெ, யான் யன்னெ. 'எ' ஒலியில் முடிகிறதே, பெண் பெயரோ என்று நம்மவர்கள் கேட்பார்கள். இவை எல்லாம் ஆண் பெயர்களின் சுருக்கம். முழுப்பெயரிலேயே ஆர்னெ, ஹெல்கெ, தூரெ ஆகியவை ஆண்களுக்கு உரியவை. இங்கெ என்பது மட்டும் எல்லை தாண்டினால் மாறும்: சுவீடனிலும் நார்வேயிலும் ஆண், டென்மார்க்கில் பெரும்பாலும் பெண்.

பெயர் நாள் என்ற வழக்கமும் இங்கே உயிரோடு இருக்கிறது. நாட்காட்டியில் பெரும்பாலான நாட்களுக்குப் பெயர் போட்டிருக்கும்: ஏரிக்குக்கு மே 18, ஊலோஃபுக்கு ஜூலை 29, லார்ஸுக்கு ஆகஸ்ட் 10. நாட்காட்டியில் இடம்பெறும் பெயர் வைத்தால் பிள்ளைக்கு வருடத்தில் இன்னொரு வாழ்த்து நாள் கிடைக்கும்.

ஆர்ஹுஸிலிருந்து

டென்மார்க்கின் வழி தனி. இங்கே அங்கீகரிக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் உண்டு: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இருபாலுக்கும் பொதுவாக ஒன்று. பட்டியலில் இருந்தால் வேலை உடனே முடியும். இல்லாவிட்டால் விண்ணப்பம் போட்டு அனுமதி பெற வேண்டும், காத்திருக்க வேண்டும். ஒரே பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனிப்பெயராகக் கணக்கு. உச்சரிப்பு ஒன்றுதானே என்று ஒரு எழுத்தைக் கூட்டினால்கூட அந்த வடிவம் பட்டியலில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கெடு 6 மாதம். பதிவு செய்வது வட்டாரத் திருச்சபையின் அலுவலகம். இந்துக்களும் முஸ்லிம்களும் எந்த மதமும் இல்லாதவர்களும்கூட அங்கேதான் பதிகிறார்கள். அது அரசுப் பதிவு வேலை, ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, தயங்க வேண்டாம். விண்ணப்பம் இணையம் வழியே போகும். தெற்கு யூட்லாந்தில் மட்டும் அந்தப் பொறுப்பு நகராட்சியிடம்.

உச்சரிப்பில் டேனிஷ் மொழி எழுத்துகளை விழுங்கும். 'மட்ஸ்' என்று எழுதியிருப்பதை 'மஸ்' என்றுதான் சொல்வார்கள். ஸ்வென் பெயருக்குக் கடைசியில் ஒரு எழுத்து அதிகம் எழுதுவார்கள், வாசிக்க மாட்டார்கள். எழுதியதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று இங்கே இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது இதனால்தான்.

சென்னையிலிருந்து

பொருள் பற்றி ஒரு வார்த்தை. பட்டியல்கள் இதில்தான் அதிகம் ஏமாற்றுகின்றன.

பழைய நார்ஸ் (வைக்கிங் காலத்து ஸ்கேண்டினேவிய மொழி) பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டுகளை ஒட்டியவை. ஹரால்ட் என்றால் படை, ஆட்சி. சிகுர்ட் என்றால் வெற்றி, காவல். தோர்ஸ்டைன் என்றால் தோர் தெய்வம், கல். குடும்பத்தில் முன்னோர் பெயரின் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு சேர்ப்பார்கள். சேர்ந்த சொல்லுக்கு ஒரு வாக்கியம்போல் பொருள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துருவப் பயணி நான்சனின் முதற்பெயர் ஃப்ரித்யொஃப். துண்டுகளைப் பிரித்தால் 'அமைதி', 'திருடன்'. 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்! ஆகவே 'வெற்றியின் தெய்வீகக் காவலன்' என்ற ரீதியில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒற்றைத் துண்டுப் பெயர்களில் பொருள் தெளிவு: ப்யோர்ன் கரடி, உல்ஃப் ஓநாய், ஸ்வென் இளைஞன், லைஃப் வாரிசு, தாக் பகல்.

இன்னொரு பாதி கிறிஸ்தவப் புனிதர் பெயர்களும் பைபிள் பெயர்களும், உள்ளூர் வாயில் தேய்ந்தவை. லார்ஸ் என்பது லாரன்ஸ். நீல்ஸ் நிக்கோலஸ். யென்ஸ், ஹான்ஸ் இரண்டும் யோவான். யோர்கென், யோரன் ஆகியவை ஜார்ஜ். அக்செல் என்பது அப்சலோம். 'சுத்த வைக்கிங் பெயர்' தேடுபவர்கள் லார்ஸை எடுத்துக்கொண்டு திருப்திப்படுவதைப் பார்க்கிறேன். நல்ல பெயர்தான், ஆனால் அதன் வேர் ரோமில் இருக்கிறது. மாக்னுஸும் லத்தீன்தான். 11ஆம் நூற்றாண்டில் நார்வே அரசர் புனித ஊலாவின் மகனுக்கு, பேரரசர் சார்லமேனை (லத்தீனில் கரோலுஸ் மாக்னுஸ்) நினைத்து வைத்த பெயர் என்று பழைய சாகா (வீரகதை) சொல்கிறது.

மீண்டும் ஓஸ்லோ

வயதைப் பாருங்கோ. பெயருக்கும் வயது இருக்கு. ஷெல், ஒட், ரூவார், யான், தாரியெ எல்லாம் இப்ப தாத்தாமாரின்ட பெயர். தொட்டிலில் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிடப் பழைய தலைமுறையின் ஓஸ்கர், யாக்கொப், அல்ஃப்ரெட் போன்றவை திரும்பி வந்துவிட்டன. பொதுவாகக் கொள்ளுத்தாத்தா பெயர் இனிக்கும், தாத்தா பெயர் கசக்கும். மூன்று நாட்டின் புள்ளிவிவர நிறுவனங்களும் பெயர்த் தேடல் வைத்திருக்கின்றன, இலவசம். ஒரு பெயர் எந்தப் பத்தாண்டில் ஏறியது, எப்ப இறங்கியது என்று அங்கே பார்க்கலாம். நோர்வேயின் வருடாந்தப் பட்டியலில் ஒரே பெயரின் எழுத்துக்கூட்டல்கள் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்படும் என்பதை மனதில் வையுங்கோ.

சரித்திரத்தால் கெட்ட பெயரும் உண்டு. நாசிகளோடு ஒத்துழைத்த குவிஸ்லிங்கின் முதற்பெயர் வித்குன். வேரில் ஒரு குறையும் இல்லாத பழைய நோர்ஸ் பெயர். ஆனாலும் பிள்ளைக்கு வைக்கவேண்டாம்.

கேள்வி: இந்த மொழிகளில் வரும் புள்ளி, கோடு, வட்டம் போட்ட எழுத்துகள் கடவுச்சீட்டில் என்னாகும்?

ஸ்டாக்ஹோமிலிருந்து

மேலே பெயர் அச்சாகும் இடத்தில் அந்த எழுத்து அப்படியே இருக்கும். கீழே இயந்திரம் படிக்கும் இரண்டு வரியில் பெயருக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் மட்டும்தான் உண்டு. தலையில் வட்டம் போட்ட ஏ இரட்டை ஏ ஆகும். கோடு குறுக்கே போன ஓவும், இரண்டு புள்ளி வைத்த ஓவும் 'ஓ, ஈ' ஆகும். இரண்டு புள்ளி வைத்த ஏ 'ஏ, ஈ' ஆகும். ஆக ஸோரென் என்ற பையன் கடவுச்சீட்டின் கீழ்வரியில் ஓர் எழுத்து கூடி நிற்பான். விமானச் சீட்டு எடுக்கும்போது, விசா படிவம் நிரப்பும்போது, கீழ்வரியில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். ஒருதடவை வட்டத்தை விட்டு, மறுதடவை இரட்டை ஏ போட்டு எழுதுவதால்தான் பொருந்தவில்லை என்ற தொல்லை வருகிறது. இது வேண்டாம் என்றால் 26 எழுத்துக்குள் அடங்கும் பெயர் எடுங்கள்: ஈவார், ஏமில், அர்வித், ஹென்ரிக், எஸ்கில், அன்தோன்.

ஆர்ஹுஸிலிருந்து

அர்வித் நல்ல யோசனை. அரவிந்த் பழகிய வாய்க்கு எளிது, சுவீடனில் பழைய பெயரும்கூட. கை என்ற பெயர் மூன்று நாட்டிலும் ஆணுக்கு உண்டு, வீட்டில் தமிழ் பேசினால் குழப்பம்தான். பேர் என்ற பெயரும் அப்படி: "உன் பேர் என்ன?" "பேர்." பள்ளியில் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஊருக்கு லீவில் போகும்போது பையன் தினமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆங்கிலக் காதுக்கும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒட், ஏவென், சீமென் ஆகியவை நார்வேயிலும் யேர்கெர் சுவீடனிலும் மதிப்பான பெயர்கள். எழுதிக் கொடுத்து ஓர் ஆங்கிலேயரை வாசிக்கச் சொன்னால், ஏன் சொல்கிறேன் என்று புரிந்துவிடும்.

கேள்வி: ஐஸ்லாந்தும் இதே கணக்கா?

சென்னையிலிருந்து

இல்லை. பெயர்கள் அதே நார்ஸ் வேர்தான், விதி வேறு. அங்கே பெயர்க் குழு ஒன்று இருக்கிறது. புதிய பெயர் ஐஸ்லாந்திய இலக்கணத்தின் வேற்றுமை உருபை ஏற்க வேண்டும் என்பது அது பார்க்கும் முக்கிய நிபந்தனை. முதற்பெயரும் நடுப்பெயரும் சேர்த்து மூன்றுக்கு மேல் கூடாது. பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் யோன் என்றால் மகன் யோன்ஸ்ஸொன், தாயின் பெயரிலிருந்தும் எடுக்கலாம். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் நமக்கு இது சுலபமாகப் புரியும். ஆனால் அங்கே முழுப்பெயர்தான், பின்னால்தான். தகப்பன் பெயரை வேற்றுமை உருபோடு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்: ஓலாவுர் என்பவரின் மகன் ஓலாஃப்ஸ்ஸொன்.