ஒரே சொக்கட், நாலு த்ரெட்: பதில்கள் ஆள்மாறிப் போகின்றன

சம்மாந்துறையான்:
அரிசி ஆலை ஒன்றுக்கு பைதனில் எழுதிய புரோகிராம். நாலு தராசுக்கு நாலு த்ரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் நாலு வேலை. எல்லாம் மட்டக்களப்பிலுள்ள சேர்வருக்கு ஒரே டிசிபி இணைப்பால் (ஒரே சொக்கட்) எடையை அனுப்பிப் பதிலுக்கு நிற்கும். அறுவடை நேரம் நாலிலும் மூடை ஏறினால் இரண்டாம் தராசின் பதில் மூன்றாவதற்குப் போகிறது. சிலவேளை சேர்வர் அப்படியே உறைந்துவிடும். தரவை அனுப்பும் சென்ட்ஆலுக்கு லொக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டும் சரிவரவில்லை.

வாவிக்கரை:
தம்பி, செய்தியின் நீளத்தை ஒரு சென்ட்ஆலிலும் தரவை இன்னொன்றிலும் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே லொக் எடுக்கிறீங்களா? அந்த இடைவெளியில் மற்ற த்ரெட் நுழைந்துவிடும். டிசிபிக்குத் தெரிந்தது பைட் வரிசை மட்டுமே, செய்தியின் எல்லை தெரியாது. "65.4" என்ற எடையின் நாலு எழுத்தும் நாலு பைட் நீளத்துக்குரிய இடத்தில் விழுந்தால் சேர்வர் அதை 909,454,900 என்று வாசித்து, அத்தனை பைட்டுக்கும் காத்துக்கொண்டிருக்கும். உறைவது இதனால்தான். முழுச் செய்தியும் போய் முடியும்வரை லொக்கை விடாதீங்க.

வாசிப்பதற்கு ஒரேயொரு த்ரெட். நாலு த்ரெட்டும் ரிசீவில் (தரவை வாங்கும் அழைப்பில்) நின்றால் எழும்பியவர் கையில் கிடைத்தது கிடைத்ததுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுங்க, சேர்வர் அதைத் திருப்பி அனுப்பட்டும். வாசிக்கும் த்ரெட் எண்ணைப் பார்த்து உரிய தராசின் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போடும். அனுப்ப முன்னமே எண்ணைப் பதியுங்க. பிந்திப் பதிந்தால் பதில் முந்திவிடும். ரிசீவ் கேட்டதைவிடக் குறைவாகவும் தரும், நீளம் நிரம்பும்வரை சுற்ற வேண்டும்.

சம்மாந்துறையான்:
சேர்வர் எண்ணைத் திருப்பித் தராதே, அண்ணன். வந்த ஒழுங்கில்தான் பதில் சொல்லும்.

வாவிக்கரை:
அப்படியென்றால் வரிசையே போதும். அனுப்பும் அதே லொக்குக்குள் தராசின் பெயரை வரிசையில் போடுங்க, முதல் பதில் முதல் பெயருக்கு. காத்திருந்து அலுத்த தராசின் பெயரை மட்டும் நடுவில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பின்னுள்ள எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

மருதமுனை:
நாலே தராசென்றால் நாலு இணைப்பு திறப்பதே என் தெரிவு. சேர்வர் மறுத்தால் மட்டும் மேலுள்ள வழி. மூடும்போது கவனம். ஒரு த்ரெட் ரிசீவில் நிற்க, மற்றது இணைப்பைக் குளோஸ் செய்தால், இயங்குதளம் அந்த சொக்கட்டுக்குக் கொடுத்த எண் வேறு கோப்புக்குப் போகலாம். முதலில் ஷட்டவுன் (எண்ணை விடாமல் போக்குவரத்தை மட்டும் நிறுத்துவது), வாசிக்கும் த்ரெட் முடியட்டும், பிறகு குளோஸ். பாதி அனுப்பி நேரம் முடிந்த இணைப்பைத் திரும்பப் பாவிக்காதீங்க. புதிதாக இணைந்து மீண்டும் அனுப்பும்போது அதே மூடை இரண்டு தரம் பதியக்கூடும், எடையோடு மூடை எண்ணும் போகட்டும்.