உப்புக் காற்றில் ஓட்ட மவுண்டன் பைக்: பாகங்களின் தரத்தை எப்படி அறிவது?

உச்சிப்புளி வாசகர்:
வணக்கம். வேலைக்காக உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்குச் சாலையில் செல்லவும், ஓய்வு நாள்களில் அரியமான் கடற்கரையை ஒட்டிய மணல் தடங்களில் ஓட்டவும் ஒரு மவுண்டன் பைக் வாங்க விரும்புகிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வண்டிகள் பார்த்திருக்கிறேன். ஒன்று இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 21 கியர். மற்றொன்று அலுமினியச் சட்டம், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், 8 கியர். கடைக்காரர் முதலாவதைச் சொல்கிறார். எவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

இராமநாதபுரம் மெக்கானிக்:
தம்பி, இரண்டாவதே நல்லது. குறைந்த விலையில் பின்பக்க சஸ்பென்ஷன் தருகிறவர்கள் அந்தச் செலவை வேறு பாகங்களில்தான் குறைப்பார்கள். எடை கூடுவதோடு, அசையும் இணைப்புகளில் மணலும் உப்பும் புகுந்து விரைவில் ஆட்டம் கொடுக்கும். 21 கியர் என்பது முன்னால் 3, பின்னால் 7 பற்சக்கரங்களின் பெருக்கல்தான். சமதரையான நம் பகுதியில் அத்தனையும் தேவைப்படாது.

எண்ணிக்கையைவிடப் பின்சக்கரத்தின் அமைப்பு முக்கியம். பற்சக்கரங்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். அவற்றின் நடுவே இருக்கும் பூட்டு வளையமும் உடன் சுற்றினால் அது கேசட், அதாவது ஹப் எனும் சக்கர மையத்தின் மீது செருகும் பற்சக்கரத் தொகுதி. நடுப்பகுதி அசையாமல் நின்றால் ஃப்ரீவீல், அதாவது ஹப்பில் திருகி மாட்டும் தொகுதி. கேசட் ஹப்பில் வலப்பக்க பேரிங் அச்சின் ஓரத்துக்கு அருகில் இருப்பதால், குழிகளில் இறங்கினாலும் அச்சு எளிதில் வளையாது. ஷிமானோ நிறுவனத்தின் பாகங்கள் என்றால் டூர்னி, ஆல்டஸ், அசெரா, அலிவியோ, டியோர் என்று தரம் ஏறும். பெரும்பாலும் பின் கியர் மாற்றியில் மட்டும் உயர்ந்த பெயரை வைத்துவிடுவார்கள், ஆகையால் ஹப், பிரேக், செயின் ஆகியவற்றையும் தனித்தனியே கேளுங்கள்.

பாம்பன் வாசகர்:
மெக்கானிக் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் நம் கரையில் வண்டியைக் கொல்வது உப்புதான் என்பதால் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். சக்கரக் கம்பிகளில் அது வலுவாக ஒட்டினால் அவை பூச்சுப் பூசிய சாதாரண இரும்புக் கம்பிகள். துருப்பிடிக்காத எஃகில் ஒட்டாது, அல்லது மிக லேசாக ஒட்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உள்குழாய் குரோம் பூசிய இரும்பாக இருந்தால், உப்பு அரித்த புள்ளிகள் அதன் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். அலுமினியச் சட்டமாயினும் சீட் குழாயைக் கழற்றி கிரீஸ் தடவியே பொருத்தச் சொல்லுங்கள், இல்லையேல் உப்பில் இறுகிப் பிறகு அசைக்கவே முடியாது. கடற்கரையில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பேரிங் மீது தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

உச்சிப்புளி வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பிரேக், டயர் குறித்தும் சொல்ல முடியுமா?

இராமநாதபுரம் மெக்கானிக்:
எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் துருப்பிடிக்கும் கேபிள் இல்லை, பிடிப்பும் நன்றாக இருக்கும்; ஆனால் பழுதானால் அதைத் தெரிந்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். கேபிள் டிஸ்க் பிரேக்கை ஊர்க் கடையிலேயே சரிசெய்துகொள்ளலாம். கேபிள் மட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மணலுக்கு அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள், சாலைக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல முள் எந்த டயரையும் துளைக்கும். டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றி வையுங்கள். வாங்கிய பிறகு செயினை அவ்வப்போது அளந்து பாருங்கள்: புதிய செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள். தாமதித்தால் கேசட்டையும் சேர்த்து மாற்ற நேரும்.