நாலாவது படிக்கிற பொண்ணை நடந்தே பள்ளிக்கு அனுப்பலாமா? நடுவில் ஆற்காடு சாலை

சாலிகிராமம்_அம்மா:
வீடு சென்னை சாலிகிராமத்தில் உள்தெரு. பள்ளிக்கூடம் ஆற்காடு சாலைக்கு அந்தப் பக்கம், சுமார் 900 மீட்டர். பொண்ணுக்கு 9 வயசு. வண்டியில் கொண்டுபோய் விட்டால் பள்ளி வாசல் நெரிசலிலேயே பாதி நேரம் போகுது. "நானே நடந்து போறேம்மா"ன்னு அவளும் கேக்கிறா. மெட்ரோ வேலைக்குப் போட்ட தகர வேலியை நினைச்சால்தான் பயமா இருக்கு. எந்த வயசில் தனியா விடலாம், எப்படிப் பழக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெருநடை:
அம்மா, வயசை அப்புறம் பார்ப்போம், முதல்ல வழியைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நடந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை. பள்ளி நாளில், காலை 8 மணிக்கு, பொண்ணோட சேர்ந்து நடங்க. குறுக்குவழிதான் நல்ல வழின்னு இல்லை. 200 மீட்டர் கூடுதலா இருந்தாலும், சிக்னலோ போக்குவரத்துக் காவலரோ இருக்கிற இடத்தில் சாலையைக் கடக்கிற வழியை எடுங்க.

போகும்போது அவ எங்கெல்லாம் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்க வேண்டியிருக்குன்னு குறிச்சுக்குங்க. டீக்கடை வாசலில் நிக்கிற பைக், டிரான்ஸ்ஃபார்மர், கட்டட வேலைக்குக் கொட்டின ஜல்லி, இப்படி நாலைந்து இடம் தேறும். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான். பிளாட்பாரமே இல்லாத தெருவில் வலது ஓரமா, எதிரே வர்ற வண்டி கண்ணில் படுற மாதிரி நடக்கணும்.

இப்ப ஆற்காடு சாலை. ஒரு பக்கத்து அகலம் மட்டும் 7 மீட்டர்னு வைங்க. குழந்தை நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க 7 நொடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற பைக் அந்த 7 நொடியில் சுமார் 78 மீட்டர் வந்துடும், கிட்டத்தட்ட மூணு விளக்குக் கம்பத் தூரம். வர்ற வண்டியோட தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுறது 9 வயசுக் குழந்தைக்கு இன்னும் கைவராத வேலை. அதுக்கு மேல தகர வேலி அவ உயரத்தை முழுசா மறைச்சிடும். வேலி இடைவெளியில் அவ காலை வெளியே வைக்கிற வரைக்கும் ஓட்டுறவருக்கு அங்கே ஒரு குழந்தை இருக்கிறதே தெரியாது. அதனால வேலி இடைவெளியில் கடக்கவே வேண்டாம். ஆற்காடு சாலையை மட்டும் ஒரு பெரியவர் கடத்தி விடணும், உள்தெருக்களை அவகிட்ட விடுங்க. இந்த வயசுக்கு இதுதான் சரியான பங்கு.

வடபழனி_வாத்தியார்:
மேலே சொன்னது சரி. பழக்கும் முறையைச் சொல்கிறேன். "பார்த்துப் போ" என்றால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதல் வாரம் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வலது பக்கம் ஆட்டோ வருது, நிக்கிறேன். இடது பக்கம் ஒண்ணுமில்லை. திரும்ப வலது." இரண்டாவது வாரம் அவள் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு அவளை முன்னே விட்டுப் பத்தடி பின்னால் போங்கள். கடைசியாகத் தெருமுனையில் நின்றுகொண்டு அனுப்புங்கள். ஒரு நாள் பார்க்காமல் இறங்கிவிட்டாலும் முந்தைய படிக்குத் திரும்புங்கள். திட்ட வேண்டாம், திட்டினால் அடுத்த முறை நடந்ததை மறைப்பாள். ஒருவழிப் பாதையிலும் இரண்டு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள், ராங் சைடில் பைக் வராத தெரு நம் ஊரில் குறைவு.

நிறுத்திய கார்களுக்கு நடுவே கடக்க நேர்ந்தால் இரண்டு முறை நிற்க வேண்டும். பிளாட்பார விளிம்பில் ஒரு தடவை. காரின் பின்விளக்கு முடிகிற இடத்தில், அந்த விளக்கில் கை வைத்து எட்டிப் பார்த்து, இன்னொரு தடவை. அதற்கு முன் காருக்குள் ஆள் இருக்கிறாரா, பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் வண்டி பின்னால் வரப்போகிறது.

தண்ணீர் லாரி நின்றால் அதற்கும் சுவருக்கும் இடையே நுழையவே கூடாது. முன்பக்கம் ஒட்டியும் இடது பக்கம் ஒட்டியும் நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. நின்றிருக்கும் பேருந்துக்கு முன்னால் கடக்கவும் கூடாது. பேருந்து போகட்டும், பிறகு கடக்கலாம்.

சாலிகிராமம்_அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. மழைக்காலத்தில் என்ன பண்றது? தெருநாய் வேற. பையும் 5 கிலோ இருக்கு, அவ எடையே 26 கிலோதான்.

தெருநடை:
பை, குழந்தை எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது 2020 பள்ளிப் பை கொள்கை. அவளுக்கு 2.6 கிலோ. அன்னன்னைக்குக் கால அட்டவணையைப் பார்த்து அடுக்கினாலே நிறையக் குறையும்.

மழையில் குடை வேண்டாம், முன்னாடி இருக்கிறதை மறைக்கும். பையையும் சேர்த்து மூடுற மஞ்சள் ரெயின்கோட் வாங்குங்க. அதோட தொப்பி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், அதனால கடக்கும்போது உடம்போட திரும்பிப் பார்க்கணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், தரை தெரியாத அளவுக்குத் தண்ணி நின்னா அன்னைக்கு நடை கிடையாது. மழைநீர் வடிகால் மூடி விலகியிருந்தா கண்ணுக்குத் தெரியாது. தண்ணியில் நிக்கிற ஈபி பெட்டி, கம்பம், இழுவைக் கம்பி எதையும் தொடக் கூடாது, பக்கத்திலும் போகக் கூடாது. பார்த்தா உடனே மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகத்துக்கு, 94987 94987 நம்பருக்குச் சொல்லுங்க. மூடியில்லாத வடிகாலுக்கு மாநகராட்சி 1913.

நாய் துரத்தினா ஓடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. கையை மடக்கிட்டு அசையாம நின்னு, அது விலகினதும் மெதுவா நகரணும். ஒரு கீறல் பட்டாலும் வீட்டில் சொல்லணும்னு சொல்லி வைங்க. ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்க.

நடைபாதை_தோழன்:
ஒரே வழியில் போற பிள்ளைகள் ஆறு பேர் தேறினாலே குழுவா அனுப்பலாம். முன்னாடி ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர். பிள்ளையார் கோயில் 8.05, மருந்துக்கடை 8.10ன்னு நிறுத்தமும் நேரமும் எழுதி வைங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒருத்தருக்காகக் காத்திருந்தா, கடைசியில் எல்லாரும் ஓட வேண்டி வரும். பெற்றோர் முறை வச்சு வந்தா ஒருத்தருக்கு வாரம் ஒரு நாளோ ரெண்டு நாளோதான் வரும். ஆற்காடு சாலையைக் கடத்தி விடுற வேலையும் இதிலேயே முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, பள்ளி வாசலுக்கு முந்தின 50 மீட்டர். பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்புற வண்டிகள்தான் அங்கே பெரிய தொல்லை. 100 மீட்டர் தள்ளியே இறக்கிவிடச் சொல்லித் தலைமை ஆசிரியர்கிட்ட எழுதிக் கொடுங்க. அரசுப் பள்ளின்னா, பெற்றோரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம். வேகமும் முக்கியம்: 30-ல் வர்ற வண்டி காய்ந்த ரோட்டில் சுமார் 13 மீட்டரில் நிக்கும், 50-ல் வந்தா 28 மீட்டர் ஆகும்.

பிளாட்பாரத்தைச் சரிசெய்யக் கேட்டு கவுன்சிலர்கிட்டயோ, வார்டு மக்கள் கூடுற பகுதி சபையிலயோ மனு கொடுங்க. நடக்கிறவங்களுக்கு முன்னுரிமைன்னு மாநகராட்சி 2014-லேயே கொள்கை போட்டிருக்கு. குடியிருப்புத் தெருவில் நடக்க 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேணும்னு, சாலைகளுக்குத் தரநிலை வகுக்கிற அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் (IRC) வழிகாட்டுது. மனுவில் இது ரெண்டையும் எழுதுங்க. "எங்கள் தெருவில் நடக்க முடியவில்லை"ன்னு எழுதினா தூக்கி ஓரமா வச்சிடுவாங்க. எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எந்த ஈபி கம்பம், அந்தக் கம்பத்து எண் என்ன, டேப் வச்சு அளந்தா எவ்வளவு அகலம் மிச்சம்னு எழுதி, காலை 8.15-க்கு எடுத்த போட்டோவையும் சேர்த்துக் கொடுங்க.