'ஹிப்னாட்டிக்': உறக்கமூட்டியா, துயிலூட்டியா, அறிதுயிலா?

ஐயா,

'ஹிப்னாட்டிக்' என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் 'துயிலூட்டி' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். மருந்தை மட்டும் பார்த்தால் நல்ல சொல்தான். ஆனால் தூக்க மாத்திரையும் ஹிப்னாட்டிக், ஹிப்னாசிஸ் (மனோவசியம்) நிலையில் இருப்பவரிடம் சொல்லப்படும் கருத்தேற்றமும் (சஜெஷன்) ஹிப்னாட்டிக். மயக்கவியல் மருத்துவர் 'ஹிப்னாசிஸ்' என்றாலோ பொருள் மூன்றாவது: வலிநீக்கம், தசைத்தளர்வு ஆகியவற்றோடு சேர வேண்டிய தன்னுணர்வு நீக்கம்.

எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். 2014இல் வெளியான சூரிக் பல்கலைக்கழக ஆய்வொன்றில், பகல் தூக்கத்துக்கு முன் இளம்பெண்களுக்கு ஹிப்னாசிஸ் ஒலிப்பதிவு போட்டுக் காட்டினார்கள். ஹிப்னாசிஸுக்கு எளிதில் வயப்படுபவர்களுக்கு மெதுவலை உறக்கம், அதாவது ஆழ்ந்த உறக்கம், சுமார் 80 விழுக்காடு கூடியது. பென்சோடையசெபின் வகைத் தூக்க மாத்திரைகளோ தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்தாலும் அதே மெதுவலை உறக்கத்தைக் குறைப்பவை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுத வேண்டும். 'துயில்' எல்லாவற்றுக்கும் அடிச்சொல்லானால், "துயிலூட்டல் மெதுவலைத் துயிலைக் கூட்டியது, துயிலூட்டி குறைத்தது" என்று வந்து நிற்கும். படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

எனவே அடிச்சொல்லையே பிரித்துவிடலாம். உடலியலுக்கும் மருந்துக்கும் 'உறக்கம்'. ஹிப்னாசிஸுக்கு மட்டும் 'அறிதுயில்'. மருந்து உறக்கமூட்டி. 'உறக்கத்தூண்டி' வேண்டாம், ஊக்க மருந்தைத் 'தூண்டி' என்று எழுதிப் பழகிவிட்டதால், மருந்துச் சீட்டை அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் பின்பாதி மட்டும் பட்டால் பொருள் தலைகீழாகிவிடும். 'மனோவசியம்' பரவலான சொல்தான். ஆனாலும் வசியம் என்றாலே மையும் தகடும் நினைவுக்கு வருகின்றன. சிகிச்சைக்கு வருகிறவருக்கு அந்த அச்சத்தை நாமே ஏற்றிவிடக் கூடாது. கருத்தேற்றத்துக்கு 'ஏவல்' என்று சிலர் எழுதுவதையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

படபடப்பைத் தணிக்கும் 'செடேட்டிவ்' மருந்து தணிப்பி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய மருந்துகளில் தணிப்பியும் உறக்கமூட்டியும் ஒரே மருந்துதான், அளவுதான் வேறு. ஃபீனோபார்பிட்டால் பகலில் பிரித்துப் பிரித்து நாளுக்கு 30 முதல் 120 மில்லிகிராம் கொடுத்தால் தணிப்பி. படுக்கும்போது ஒரே வேளையாக 100 முதல் 200 கொடுத்தால் உறக்கமூட்டி. அதனால் கூட்டுச்சொல் தேவைப்படுகிறது. 'தணிப்புறக்கமூட்டி' என்று புணர்த்தினால் கண் 'தணிப்-புறக்க' என்று உடைத்துப் படித்து, புறக்கணிப்பு வரைக்கும் போய்விடுகிறது. 'தணிப்பி-உறக்கமூட்டி' என்று இடைக்கோடிட்டே எழுதலாம்.

மயக்கவியலின் மூன்றாம் பொருளுக்கு 'நினைவிழப்பு' என்று போட்டுவிட வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். "நினைவில்லாமல் கிடந்தார்" என்பதில் நினைவு என்றால் தன்னுணர்வு. "எனக்கு நினைவில்லை" என்பதில் ஞாபகம். மிடசோலாம் என்ற தணிப்பி குறைந்த அளவில் கொடுக்கப்பட்டவர் விழித்திருப்பார், கேட்டதற்குப் பதிலும் சொல்வார், பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது. அவருக்கு நேர்ந்தது நினைவிழப்பா இல்லையா? இரு நிலைகளையும் ஒரே சொல்லால் குறித்தால் மருத்துவக் குறிப்பே பிழையாகிவிடும். 'தன்னுணர்வு நீக்கம்', 'மறதி' என்று இரண்டாக வைப்போம்.

*

அம்மையீர்,

உறக்கமூட்டி, தணிப்பி இரண்டும் சரி. அறிதுயிலில்தான் எனக்குத் தயக்கம். மூளை மின்னலைப் பதிவில் ஹிப்னாசிஸ் விழிப்பையே ஒத்திருக்கிறது, உறக்கத்தை அல்ல. உறக்கத்தைக் குறிக்கும் 'ஹிப்னோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'ஹிப்னாட்டிசம்' என்ற பெயரை 1843இல் தன் நூலில் நிலைநாட்டிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே, பின்னால் அது பொருந்தாது என்று கண்டு, ஒற்றை எண்ணத்தில் மனம் குவிவதைக் குறிக்கும் வேறு பெயருக்கு மாறப் பார்த்தார். அவர் செய்த பிழையை நாமும் தமிழில் ஏன் செய்ய வேண்டும்? 'ஒருமுகநிலை' என்று வைக்கலாமே.

*

ஐயா,

மின்னலைப் பதிவைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் ஒருமுகம் என்றால் தியானமும் படிப்பும் அதில் அடங்கிவிடும். ஹிப்னாசிஸை வேறுபடுத்துவது கருத்தேற்றத்துக்கு ஏற்படும் எதிர்வினை. "உங்கள் கை லேசாகிறது" என்றதும் கை தானே எழுவதுபோல் அவருக்குத் தோன்றுகிறதே, அதுதான். ஒருமுகநிலை அதைச் சொல்லவில்லை. பிரெய்டின் சொல்லில் உறக்கம் மட்டுமே இருந்தது. நம் சொல்லில் 'அறி' முன்னால் நிற்கிறது. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளின் அறிதுயிலை யாரும் தூக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. கண் மூடியிருக்கிறது, அறிவு விழித்திருக்கிறது. அதோடு, கிளைச்சொற்களுக்கும் இது வளைந்து கொடுக்கிறது: அறிதுயில்வழிக் கருத்தேற்றம், அறிதுயில் வயப்படுதிறன். 'ஒருமுகநிலை வயப்படுதிறன்' என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இன்னும் விடை தெரியாதது சுவோரெக்சன்ட் வகைத் தூக்க மருந்துகள். இவை விழித்திருக்க வைக்கும் மூளை வேதிப்பொருளான ஓரெக்சினைத் தடுத்து விழிப்பைத் தளர்த்துகின்றன. பென்சோடையசெபின்கள் செயல்படும் காபா ஏற்பியைத் தொடுவதில்லை. விளைவை வைத்து இவற்றையும் உறக்கமூட்டி என்றே சொல்லி, உட்பிரிவாக 'விழிப்பொடுக்கி' என்று வைக்கலாமா? 'ஒடுக்கி' என்பது மூச்சு ஒடுங்குவதை நினைவூட்டுமோ என்று உறுத்துகிறது. 'விழிப்புத் தளர்த்தி' எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.