இலவச டெலிவரி கூப்பன் எக்ஸ்பிரஸுக்கும் விழுகிறது, அவசரம்

முறுக்குப்பெட்டி | காலை 7.12
வணக்கம். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று தீபாவளிக்குக் கூப்பன் போட்டேன். சாதாரண கூரியருக்கு மட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் எக்ஸ்பிரஸைத் தொட்டாலும் பூஜ்யம் காட்டுகிறது. நேற்று இரவு வந்த 11 ஆர்டரில் 9 எக்ஸ்பிரஸ். முறுக்கு விமானத்தில் போகிறது, டிக்கெட் என் செலவு. எப்படி நிறுத்துவது? பத்து மணிக்குக் கூரியர் வண்டி வந்துவிடும்.

பழையமோடம் | 7.20
கடை எந்தத் தளத்தில்? கூப்பன் குறியீடா, தானாகக் கழியும் தள்ளுபடியா? டெலிவரி கட்டணம் எடைப்படியா, விலைப்படியா? இந்த மூன்றும் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும். இங்கே எப்படிக் கேள்வி கேட்பது என்று எழுதி உச்சியில் ஒட்டி வைத்திருக்கிறேன். படிக்கத்தான் ஆள் இல்லை.

கோட்பிள்ளை | 7.26
கடை நடத்தும் மென்பொருள் வூகாமர்ஸ்தானே? அதில் இலவச டெலிவரி என்பது தனி முறை. கூப்பனில் டிக் செய்தாலும் எக்ஸ்பிரஸ் தன் விலையிலேயே நிற்கும். பூஜ்யம் ஆகிறது என்றால் கடைப் பக்கத்தின் தோற்றத்துக்கான தீம் கோப்பில் யாரோ நாலு வரி செருகியிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கோப்பை இங்கே ஒட்டுங்கள்.

ஊறுகாய்_அக்கா | 7.31
தம்பி, முதலில் கேஷை, அதாவது சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை, அழித்துப் பாருங்கள். போன மாதம் என் கடையில் பழைய விலையே காட்டிக்கொண்டிருந்தது, அழித்ததும் சரியாகிவிட்டது.

முறுக்குப்பெட்டி | 7.40
வூகாமர்ஸ் இல்லை, ஷாப்பிஃபை தளம். எல்லோரும் அதைத்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். கூப்பன் குறியீடுதான். கேஷை அழித்தேன் அக்கா, மாற்றம் இல்லை.

தறிக்காரர் | 7.47
அப்படியானால் தீம் கோப்பை நோண்ட வேண்டாம். ஷாப்பிஃபையின் இலவச டெலிவரி கூப்பன், முறையின் பெயரைப் பார்ப்பதில்லை. சாதாரணமோ எக்ஸ்பிரஸோ, எதைத் தேர்ந்தாலும் கழித்துவிடும். ஆனால் கூப்பன் பக்கத்திலேயே கீழே ஒரு டிக் பெட்டி இருக்கிறது: இத்தனை ரூபாய்க்கு மேற்பட்ட டெலிவரி கட்டணங்களை விலக்கு என்று. சாதாரணக் கட்டணத்துக்கு மேலே, எக்ஸ்பிரஸுக்குக் கீழே ஒரு தொகையைப் போடுங்கள். போர்வைக் கடைக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

முறுக்குப்பெட்டி | 8.03
நன்றி அண்ணா. 130 போட்டேன். இப்போது வேறு தொல்லை. 4 கிலோ வாங்குகிறவர் சாதாரண கூரியரைத் தேர்ந்தாலும் கட்டணம் கேட்கிறது. அவர்தான் எனக்கு நல்ல வாடிக்கையாளர், இப்போதுதான் போனில் கோபித்துக்கொண்டார்.

பழையமோடம் | 8.05
எடைப்படியா என்று 7.20க்கே கேட்டேன். கட்டணப் பட்டியலைப் போடுங்கள்.

முறுக்குப்பெட்டி | 8.11
சாதாரணம்: 1 கிலோ வரை 70, 3 கிலோ வரை 120, 5 கிலோ வரை 190.
எக்ஸ்பிரஸ்: 1 கிலோ வரை 140, 3 கிலோ வரை 260, 5 கிலோ வரை 420.
5 கிலோவுக்கு மேல் ஆன்லைனில் எடுப்பதில்லை.

கோட்பிள்ளை | 8.15
பார்த்தீர்களா, ஒரு தொகையை வைத்துப் பிரிக்கவே முடியாது. 190 இலவசம் ஆக வேண்டும் என்றால் எக்ஸ்பிரஸின் 140-உம் கூடவே நுழைந்துவிடும். தள்ளுபடி விதியை நாமே நிரலாக எழுதும் ஷாப்பிஃபை ஃபங்ஷன்ஸில் எழுதினால் முறையைப் பெயர் சொல்லியே தள்ளுபடி தரலாம். சொந்தமாக எழுதி ஏற்ற, பெரிய கடைகளுக்கான பிளஸ் திட்டம் வேண்டும். ஆப் ஸ்டோரில் யாராவது செய்துவைத்ததை வாங்கினால் சிறிய திட்டத்திலும் ஓடும்.

ஊறுகாய்_அக்கா | 8.19
இத்தனை பாடு எதற்கு? பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிட்டு எல்லோருக்கும் டெலிவரி இலவசம் என்று போடுங்கள். இலவசம் என்ற சொல்லுக்குத்தான் மயங்குகிறார்கள்.

தறிக்காரர் | 8.22
அக்கா, பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்குமே. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. போர்வை நெய்பவன் எனக்கே தெரிகிறது, ஊறுகாய் விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

ஊறுகாய்_அக்கா | 8.24
தெரியாமல் ஒன்றும் இல்லை. புதிய விலையை ஸ்டிக்கரில் ஒட்டினால் போயிற்று.

பழையமோடம் | 8.27
விலையைக் குறைக்கத்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஏற்றி ஒட்டினால் எடையளவுத் துறைக்காரர் வந்து நிற்பார். பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகளைப் படியுங்கள்.

ஊறுகாய்_அக்கா | 8.30
அடுத்த முறை அச்சடிக்கும்போது ஏற்றலாம் என்றுதான் சொல்ல வந்தேன். அதற்குள் ஆளாளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். விதிகளை விடுங்கள், கூரியர்காரன் கன அளவு எடை போடுவதைக் கணக்கில் எடுத்தீர்களா? 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி. பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 3 கிலோ. உள்ளே முறுக்கு 2 கிலோகூட இருக்காது. தம்பி காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்.

தறிக்காரர் | 8.33
அது உண்மைதான். ஆனால் பெட்டியைச் சிறிதாக்கினால் முறுக்கு ஊர் போய்ச் சேரும்போது தூளாகிவிடும்.

தராசு | 8.41
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். முறுக்குப்பெட்டி, ஒரு பாக்கெட் என்ன எடை, என்ன விலை?

முறுக்குப்பெட்டி | 8.44
200 கிராம், 110 ரூபாய். கைமுறுக்கு, தேன்குழல் எல்லாம் ஒரே விலை.

தராசு | 8.52
அப்படியானால் ஆப் எதுவும் வேண்டாம். 9 பாக்கெட் 990 ரூபாய்தான், கூப்பன் விழாது. 10 பாக்கெட் எடுத்தால் 1,100 ரூபாய், 2 கிலோ. ஆகவே கூப்பன் செல்லுபடியாகிற கூடை எதுவும் 1 கிலோவுக்குள் இருக்க வழியே இல்லை. 140 ரூபாய் எக்ஸ்பிரஸ் அந்தக் கூடைக்குக் காட்டவே காட்டாது, நேராக 260 தான். வரம்பை 200 என்று வையுங்கள். சாதாரணத்தில் 190 வரை இலவசம், எக்ஸ்பிரஸ் எதுவும் உள்ளே வராது. விலை கூடி எடை குறைந்த சரக்கு ஏதாவது இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உடையும். அப்படி இருக்கிறதா?

கோட்பிள்ளை | 8.55
நாளைக்கு அவர் முந்திரிப் பருப்பு விற்க ஆரம்பித்தால்? ஆப்தான் நிரந்தரத் தீர்வு.

தராசு | 8.58
நாளைய முந்திரியை நாளைக்குப் பார்க்கலாம். பத்து மணிக்கு வண்டி வருகிறது.

பழையமோடம் | 9.10
கேட்டவரைக் காணோம். வழக்கம்போல.

முறுக்குப்பெட்டி | மாலை 6.35
200 வைத்தேன், சரியாகிவிட்டது. தீபாவளிப் பரிசுப் பெட்டி ஒன்று இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்: 1,050 ரூபாய், 900 கிராம். அதற்கு மட்டும் எக்ஸ்பிரஸ் இலவசமாகக் காட்டியது. அட்டைப்பெட்டியோடு தராசில் வைத்துப் பார்த்தால் 1.1 கிலோ. அந்த எடையையே போட்டுவிட்டேன், அதுவும் நின்றது. அந்த 9 ஆர்டரை எக்ஸ்பிரஸிலேயே அனுப்பினேன், சொன்ன சொல் ஆயிற்றே. பொட்டலம் கட்டப் போகிறேன், நன்றி.

பழையமோடம் | 6.48
எடைதான் விஷயம் என்று நான் முதல் பதிலிலேயே கேட்டிருந்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஊறுகாய்_அக்கா | 6.50
தம்பி, அந்தப் பரிசுப் பெட்டி ஒன்று வேண்டும். சாதாரண கூரியரே போதும்.